நாற்பதில் முதலில் திறக்க வேண்டியது டிரங்குப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'நாற்பதுக்குப் பிறகு உங்களுக்காக வாழுங்கள்' என்கிற தொனியில் மகளிர் பக்கங்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. பாட்டு கற்றுக்கொள்ளுங்கள், பயணம் போங்கள் என்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தரும் நாங்கள் அதற்கு முன் ஒன்று சொல்வோம்: டிரங்குப் பெட்டியிலுள்ள காகிதங்களை எடுத்துப் பாருங்கள். 'பிள்ளை பிளஸ் டூ முடிக்கட்டும்' என்று தள்ளிப்போடும் இரண்டு வருடத்தில் ஓய்வூதிய, காப்பீட்டுத் திட்டங்களில் சேரும் வயது வரம்பு தாண்டிவிடுகிறது.

மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான அடல் பென்ஷன் யோஜனாவில் சேர 18 முதல் 40 வயது வரைதான். ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் தரும் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை தொடரலாம். 51இல் போய்க் கேட்டுப் பயனில்லை. சேர்ந்தவர்களும் இதைக் கோட்டை விடுகிறார்கள். மே மாதக் கடைசியில் வங்கி தானாகப் பணம் பிடிக்கும். கேஸ் மானியம் வரும் கணக்கு அது. வந்த அன்றே துடைத்து எடுத்துவிடுவதால் 436 ரூபாய் இருக்காது, காப்பீடு அறுந்துவிடும். நாற்பது தாண்டியவர்களுக்கு என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி 15 ஆண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போட்டால் போதும். 45இல் தொடங்கினால் அறுபதை ஒட்டிக் கைக்கு வரும்.

திருமணத்துக்கு முன் மில்லிலோ கார்மென்ட்ஸிலோ ஆறேழு வருடம் வேலை பார்த்த பெண்கள் ஏராளம். அந்த பி.எஃப். என்ன ஆனது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பி.எஃப். தொகை வேறு, பென்ஷன் பங்கு வேறு. முதலாவதை எடுத்திருந்தாலும் இரண்டாவது அங்கேயே கிடக்கலாம். பத்து ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆறு வருடத்தோடு நின்றவர் பி.எஃப். அலுவலகத்தின் 10சி படிவத்தில் பென்ஷன் பணத்தைக் கேட்டு வாங்கினால் அந்த ஆறு வருடமும் போச்சு. அதே படிவத்தில், பணி ஆண்டுகளைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைத்தால், மறுபடி பி.எஃப். பிடிக்கும் வேலையில் சேரும்போது பழைய ஆண்டுகள் கூடிக்கொள்ளும். மேலும் நான்கு வருடம் போதும். 2014க்கு முந்தைய கணக்கென்றால் யு.ஏ.என். என்கிற பொது பி.எஃப். எண் இருக்காது. பழைய சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். எண்ணைத் தேடி எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் இனிஷியலில்தான் இந்த விண்ணப்பம் முட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிச் சான்றிதழிலும் பி.எஃப். பதிவிலும் அப்பாவின் எழுத்து, ஆதாரிலும் வங்கியிலும் கணவரின் எழுத்து. ஒன்றைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ளதையே வைத்துக்கொள்வது எளிது. அதை மாற்றுவதுதான் மிகக் கடினம்.

அப்பா இறந்த பதினாறாம் நாளுக்குள் 'இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று அண்ணன் நீட்டும் தாள், சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். 2005 திருத்தத்துக்குப் பின் இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். படித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுங்கள். நாமினி விஷயத்திலும் ஏமாற வேண்டாம். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு.

வேலையை விடுவது போன்ற முடிவுகளைத் தூக்கமில்லாத மாதங்களில் எடுக்காதீர்கள். மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் மறதியும் எரிச்சலும் திடீர் வியர்வையும் வருவது சகஜம். ரத்தசோகையும் தைராய்டும் இதே வேடத்தில் வரும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட்டு யோசியுங்கள். மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்பது. ஒரு கணக்கு: ஐந்து கிலோ முறுக்கு, கிலோ 320 ரூபாய், மொத்தம் 1,600. அரிசி, உளுந்து, எண்ணெய்க்கு 850 போக 750 லாபம் என்பார்கள். கேஸ், கவர், ஆட்டோவுக்கு 200, நொறுங்கியதும் விற்காததும் 150 போனால் மிச்சம் 400. இடிப்பது, பிழிவது, பொட்டலம் போடுவது, கடைக்கு அலைவது எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய். கடைக்காரர் கடன் சொன்னால் அதுவும் இல்லை. அடுத்த தெருவில் சமையல் வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு உரலைக் கழுவுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே முதல் வாரத்தில், வயது வரம்புள்ள இத்திட்டங்களையும் பணம் பிடிக்கும் நாட்களையும் மகளிர் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் குழுக் கூட்டத்தில் வாசிக்க உதவும்.

இங்ஙனம்,
மகளிர் குழுப் பயிற்றுநர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்