நின்றது தெரிகிறது, எப்போது கிளம்பும்?

ஆசிரியருக்கு,

வணக்கம். பயணிகளே ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ளும் போக்குவரத்துச் செயலிகளைப் பாராட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்டுக்கு அவை தகுதியானவையே. மும்பையில் 2010-இல் தொடங்கிய எம்-இண்டிகேட்டரில் புறநகர் ரயில் பயணிகள் பேசிக்கொள்ளத் தனி இடமே உண்டு. பெங்களூரில் உருவாகி, 2018-இல் கூகுள் வாங்கிய 'வேர் இஸ் மை ட்ரெய்ன்' செயலியோ, வண்டியில் இருப்பவரின் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்பதை வைத்தே ரயில் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் "வண்டி நிற்கிறது" என்பதுதான் உள்ளே இருப்பவர் சொல்லக்கூடிய செய்தி. ஏன் நிற்கிறது, எத்தனை நிமிடம் நிற்கும், பின்னால் வரும் வண்டியை வேறு பாதையில் விடுவார்களா என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் தெரியும். அங்கிருந்து பேச்சு வராதபோது பயணிகள் ஊகிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் சிக்னல் கோளாறு என்று எழுதுவார். அடுத்தவர் யாரோ அடிபட்டதாக எழுதுவார். மூன்றாமவர் மின்கம்பியையே அறுத்துவிடுவார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சென்னையில் செங்கல்பட்டு - கடற்கரை புறநகர் ரயில் தடத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாம்பரத்துக்குத் தெற்கே புறநகர் வண்டிகளும் எக்ஸ்பிரஸ்களும் ஒரே பாதைகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட நிற்கும் 5 நிமிடமும், கோளாறால் நிற்கப்போகும் 50 நிமிடமும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். காத்திருப்பதா, இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடிப்பதா? கோடம்பாக்கம் பக்கம் கோளாறு என்றால், பரங்கிமலையிலோ கிண்டியிலோ இறங்கி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். கிண்டியைத் தாண்டிய பிறகு கிடைக்கும் எச்சரிக்கை எதற்கு உதவும்?

ரயில்வேயால் சொல்ல முடியாது என்பதும் இல்லை. பராமரிப்புப் பணிக்காக ரத்தாகும் வண்டிகளின் பட்டியல் முன்கூட்டியே பத்திரிகைகளுக்கு வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையிலான 14-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் ஏறியதையும் அறிவித்தார்கள். திட்டமிட்ட பணிக்கும் பெருவெள்ளத்துக்கும் வாய் திறப்பவர்கள், செவ்வாய்க்கிழமைக் காலை 8.40-க்கு நிற்கும் வண்டிக்கு மட்டும் ஏன் மௌனம் காக்க வேண்டும்?

பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியைத் தொடங்கினார்கள். பயணிகளின் தகவலும் அதிலேயே வரட்டும். அதன் கீழே கட்டுப்பாட்டு அறை ஒரே ஒரு வரி எழுதட்டும்: காரணம் இது, குறைந்தது இவ்வளவு நேரமாகும். தெரியவில்லை என்றால் "இன்னும் தெரியவில்லை" என்றே எழுதலாம். அதுகூட ஒரு தகவல்தான்.

அந்த வரியை நடைமேடை ஒலிபெருக்கியிலும் வாசிக்க வேண்டும். விடியற்காலை வண்டியில் பூக்கூடையோடு ஏறும் பெண்களிடமும் கட்டட வேலைக்குப் போகிறவர்களிடமும் இருப்பவை பெரும்பாலும் பட்டன் போன்கள். ஒரு நாள் கூலி போவதும் அவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் பயணி ஒருவர்,
கூடுவாஞ்சேரி