கப்பல் டிக்கெட்டோடு ஒரு தாளும் தாருங்கள்: வன்னிப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார், அம்மாமார்,

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வாசலில் கப்பல் படம் ஒட்டி, உல்லாசக் கப்பல் பயணங்களுக்கு டிக்கெட் பதிந்து கொடுக்கும் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். எந்தக் கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சென்ற பாடசாலை விடுமுறையில் நடந்த சங்கதி உங்கள் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

வெளிநாட்டில் இருக்கிற மகன் காசு கட்ட, அம்மாவும் அக்காவும் அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் கப்பலேறினார்கள். பிள்ளைகள் மாதக்கணக்காய்க் காத்திருந்தது நீச்சல் குளத்துக்கோ சாப்பாட்டுக்கோ இல்லை. உங்கள் துண்டுப்பிரசுரத்தில் நீங்களே பெரிதாய்ப் போட்டிருந்த ஐஸ் தளத்துக்காகத்தான்; அடியில் தகடு பூட்டிய சப்பாத்துப் போட்டு, உறைந்த ஐஸ் மேல் வழுக்கி விளையாடும் இடம் அது. வரிசையில் நின்று முறை வந்தபோது, பாவாடையையும் செருப்புக் காலையும் பார்த்துவிட்டு ஊழியர் தலையை ஆட்டினார். நீளக் காற்சட்டை வேண்டும், காலுறை வேண்டும். இரண்டும் இல்லை. கப்பல் கடையில் வாசனைத் தைலம் இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, சின்னக் காலுக்குக் காலுறை இருக்கவில்லை. பாடசாலைக்குப் போடும் வெள்ளைக் காலுறை அந்த நேரம் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு வரலாம் என்றால், அடுத்த நாள் தளத்தில் ஒத்திகையும் இரவுக் காட்சியும். அதற்கடுத்த நாள் கடல் கொந்தளிப்பு, தளம் மூடல். பிள்ளைகள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று மற்றப் பிள்ளைகள் வழுக்குவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

அந்த ஊழியரில் பிழை இல்லை. வெறுங்காலை அந்தச் சப்பாத்துக்குள் விட்டால் பத்து நிமிடத்தில் கொப்புளம் போடும். பாவாடைக் கரையில் தகடு ஏறினால் ஆள் முகம் குப்புற விழும்; பின்னால் வருபவரின் தகடு விழுந்தவரின் விரலில் ஏறும். விதி சரியான விதி. அது டிக்கெட் வாங்கிய அன்றே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே எங்கள் மனக்குறை.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஐஸ் தளம் உள்ள கப்பலுக்கு டிக்கெட் பதியும்போது, தமிழில் ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள்.

1999 கார்த்திகையில் றோயல் கரீபியன் நிறுவனத்தின் 'வொயேஜர் ஒஃப் த சீஸ்' கடலில் முதல் ஐஸ் தளத்தோடு ஓடத் தொடங்கியபோது வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரமே கிடையாது. ஐஸில் வழுக்கும் பழக்கம் நம்முடைய சனத்துக்கு எங்கிருந்து வரும்? தெரியாதது அவர்கள் குற்றமில்லை. விற்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், கீழே எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடுப்பு. கணுக்கால் வரை நீளமான, அகலம் குறைந்த காற்சட்டை: டெனிம் போதும், பாடசாலை விளையாட்டுக்குப் போடும் ட்ராக் காற்சட்டை இன்னும் நல்லது, ஈரம் கெதியில் காயும். சுடிதார் என்றால் சால்வையை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். சேலையோடு இறங்க முடியாது. பாட்டிமார் பார்வையாளர் இருக்கையில் இருந்து பார்க்கலாம். காலுறை சப்பாத்தின் விளிம்புக்கு மேலே வரவேண்டும், தடிப்பு நடுத்தரமாய் இருக்க வேண்டும். இரண்டு சோடியை ஒன்றின் மேல் ஒன்றாய்ப் போடுவது பெரிய பிழை: கால் உள்ளே புரளும், பிடிமானம் போய்விடும்.

உங்களில் சிலர் நுவரெலியாவில் தடித்த ஜக்கெட்டும் குரங்குத் தொப்பியும் வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அனுப்புகிறீர்கள். அது வீண் சுமை. ஐஸின் மேற்பரப்புத்தான் பூச்சியத்துக்குக் கீழே சில பாகை. தளத்துக்கு அடியில் ஓடும் குழாய்களில் குளிரூட்டிய திரவம் சுற்றி அதை உறைய வைத்திருக்கிறது. மண்டபம் குளிரூட்டிய திரையரங்கை விடக் கொஞ்சம் கூடக் குளிரும், அவ்வளவுதான். நீளக்கை மேற்சட்டை ஒன்று போதும். அந்தப் பணத்துக்கு ஒரு சோடி மெல்லிய கையுறை வாங்கச் சொல்லுங்கள், விழுந்து எழும்பும்போது உள்ளங்கைத் தோலைக் காக்கும். வழுக்கும் சப்பாத்தும் தலைக்கவசமும் அங்கேயே தருவார்கள். தலைக்கவசத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதன்முதல் இறங்கும் அப்பாவுக்குத்தான் அது கூடத் தேவை, விழும் உயரம் அவருக்கே அதிகம்.

அடுத்தது அளவு. நம் ஊரில் பாட்டா, டீஎஸ்ஐ சப்பாத்துக் கடைகளில் கேட்கிற இலக்கம் பிரித்தானிய அளவு. கப்பலில் அமெரிக்க அளவு கேட்பார்கள். ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றும், பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டும் கூட்டிச் சொல்ல வேண்டும்: இங்கே 7 போடும் ஆண் அங்கே 8, இங்கே 5 போடும் பெண் அங்கே 7. இது தொடக்க அளவு மட்டும். வழுக்குச் சப்பாத்து காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முழங்காலை மடித்து நிற்கும்போது குதிக்கால் உள்ளே மேலெழும்பினால், கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்து அரை அளவோ ஒரு அளவோ குறைத்து வாங்க வேண்டும். 'வளருகிற பிள்ளை, ஓரளவு பெரிதாய் இருக்கட்டும்' என்ற நம் வீட்டு நியாயம் இங்கே காலை முறிக்கும்.

இனி லேஸ். நாங்கள் பார்த்த விழுகைகளில் பாதிக்கு மேல் இதனால்தான், ஆகவே தாளில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சும்மா சப்பாத்துக்கு முடிவது போல மேலே மட்டும் இழுத்து முடிந்தால், கணுக்கால் உள்பக்கம் சாயும், தகடு சரியும், கால் தானாக வெளியே ஓடும். குதிக்காலைப் பின்சுவரோடு அடித்து அமர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். விரல் பக்கம் கொஞ்சம் இளக்கம். பாதம் மடிகிற வளைவிலிருந்து கணுக்கால் வரை ஒவ்வொரு துளையாய் நல்ல இறுக்கம். உச்சியில் ஒரு விரல் நுழைகிற அளவு விட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலை முன்னே மடிக்க முடியாது. மிஞ்சிய நுனியை உள்ளே செருக வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர் முடிந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் வழுக்கியபின் மறுபடி ஒருக்கால் இறுக்க வேண்டும், சப்பாத்துத் தோல் இளகும்.

சப்பாத்துப் போட்டபின் இறப்பர் விரிப்பில் மட்டும் நடக்க வேண்டும். வெறும் நிலத்தில் நான்கு அடி வைத்தாலே தகட்டின் கூர் போய்விடும். தகட்டின் அடி நடுவில் குழிந்து, இரு பக்கமும் இரண்டு விளிம்பாய் இருக்கும். ஐஸைப் பிடிப்பது அந்த விளிம்புதான். கூர் போன தகடு எந்தப் பக்கமும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

இறங்கியபின் நடை. மாரியில் வயல் வரம்பில் சேறு மிதித்துப் போகிறவருக்கு இது பாதி தெரிந்த வித்தை: முழங்கால் மடிந்திருக்கும், அடி சின்னதாய் இருக்கும், உடல் சற்று முன்னே சாய்ந்திருக்கும். குதிக்கால்கள் கிட்டவும் முன்விரல்கள் விலகியும் இருக்க, ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலின் உள்விளிம்பால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். நேரே பின்னுக்கு உதைத்தால் தகட்டின் முன்நுனியில் இருக்கிற பற்கள் ஐஸில் கொளுவி முகம் குப்புற விழுத்தும். அந்தப் பற்கள் சுழலுவதற்கும் பாய்வதற்கும், தேர்ந்தவர்களுக்கு. நிற்பதற்கு, முழங்காலை இன்னும் மடித்து, விரல்நுனிகளை உள்ளே திருப்பி, குதிக்கால்களை வெளியே தள்ளி ஐஸைச் சுரண்ட வேண்டும். எல்லோரும் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். போனில் படம் எடுப்பதும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வழுக்குவதும் கூடாது.

விழாதவர் கிடையாது. விழப் போகிறது என்று தெரிந்தால் இன்னும் குந்தி, பக்கவாட்டில் தொடையும் இடுப்பும் படும்படி சரிய வேண்டும். பின்னால் கையை ஊன்றவே கூடாது. உடல் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கி மணிக்கட்டு முறிவது அப்படித்தான். விழுந்ததும் விரல்களை மடித்துப் பொத்திக்கொண்டு, முழங்காலில் எழும்பி, ஒரு பாதத்தை முன்னே வைத்து, அந்த முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி எழும்ப வேண்டும்.

கரையில் உள்ள தளத்தில் இல்லாத ஒன்று கப்பலில் உண்டு: தளமே ஆடும். கப்பலுக்கு ஆட்டம் குறைக்கும் பொறி இருந்தாலும், சும்மா நிற்கிறவர் மெல்ல மெல்ல ஒரு பக்கம் வழுக்கிப் போவார். பயந்து விறைத்து நிமிர்ந்தால் விழுவார். குந்தி, தடுப்பைப் பிடித்தால் சரி. இடமும் சின்னது. ஒலிம்பிக் தளம் 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். கப்பல் தளம் அதில் ஒரு துண்டுதான். அந்தத் துண்டிலேயே இரவுக் காட்சி, ஒத்திகை, மேலே பலகைத் தளம் மூடி வேறு நிகழ்ச்சிகள். ஆகப் பொதுசனத்துக்குக் கிடைப்பது சில மணித்தியாலங்கள். முதல் நாளே நேர அட்டவணையைப் பார்த்து, முதல் வாய்ப்பிலேயே போகச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கடல் குறுக்கே நிற்கும். பொறுப்பேற்புப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். மாமாவோடோ சித்தியோடோ தனியே அனுப்பும் பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் கையோடு இருப்பது நல்லது.

காசு விடயம் ஒன்று. வழுக்குவது இலவசம் என்று சொல்கிறீர்கள், உண்மைதான். விழுவது இலவசமில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கை முறிந்து போனவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. அந்த நினைப்பிலேயே நம்முடைய சனம் கப்பலிலும் வைத்தியரிடம் போகும். அங்கே பார்வைக்கும் எக்ஸ்றேக்கும் பிளாஸ்டருக்கும் டொலரில் கணக்கெழுதுவார்கள். சில பயணக் காப்புறுதிகளில் குளிர்கால விளையாட்டு சேராது. நீங்கள் விற்கும் காப்புறுதியில் ஐஸ் ஸ்கேட்டிங் சேருமா என்று கேட்டு, தாளில் ஒரு வரி எழுதுங்கள்.

இதையெல்லாம் விட வேடிக்கை, ஐஸே இல்லாத கப்பலுக்கு ஐஸ் படம் போட்டு விற்பது. றோயல் கரீபியனின் வொயேஜர், ஃப்ரீடம், ஒயாசிஸ், ஐக்கன் வகைக் கப்பல்களில் தளம் உண்டு. சிங்கப்பூருக்கு வந்து போயிருக்கிற குவாண்டம் வகையில், 'ஸ்பெக்ட்ரம்', 'ஒவேஷன்' போன்றவற்றில், கிடையாது. உள்ளரங்கில் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடலாம். படத்தில் வெள்ளையாய் ஒரு நிலம் தெரிந்தால் ஐஸ் என்று நினைத்தீர்களோ தெரியவில்லை. தரகுப் பணத்தைக் கணக்குப் பார்க்கும்போது ஒரு சதம் பிசகாத கண்ணுக்கு, கப்பலின் பெயர் மட்டும் எப்படி மங்கலாய்த் தெரிகிறது? முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுகிற சனம், மிச்சத்தை உங்களை நம்பித்தான் விடுகிறது.

கோபத்தில் சொல் கூடிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் கெட வேண்டும் என்பது எங்கள் எண்ணமில்லை. பணிவாய் மறுபடி கேட்கிறோம்: ஒரு தாள், தமிழில், டிக்கெட்டோடு. கப்பலின் பெயரும் அதில் ஐஸ் தளம் உண்டா இல்லையா என்பதும் முதல் வரி. நீளக் காற்சட்டையும் காலுறையும் இரண்டாவது வரி.

ஆவணி விடுமுறைப் பதிவுகள் தொடங்குமுன் அது உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். மேலே உள்ளதை அப்படியே பிரதி எடுங்கள். எங்கள் பெயர் தேவையில்லை, உங்கள் கடை முத்திரையையே குத்திக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
கப்பல் ஐஸ் தளங்களில் வேலை தெரிந்த வன்னிப் பிள்ளைகள் சிலர்