மார்க் போடுறது யாருங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஊரு எவ்வளவு சுத்தம்னு மத்திய அரசு மார்க் போடுற 2024-25 ஸ்வச் சர்வேக்ஷன் லிஸ்ட்ல பத்து லட்சத்துக்கு மேல ஜனம் இருக்குற 40 ஊர்ல நம்ம மதுரைக்கு 40வது எடம், இத வச்சு மீம் போட்டவங்கதான் ஜாஸ்தி, எந்த வார்டு எவ்வளவு மோசம்னு கேட்டவங்க கம்மி. 100 வார்டுக்கும் தனித்தனியா மார்க் போட்டு வார்டு ஆபீஸ் வாசல்லயே ஒட்டுனா என்னங்க?

எத்தன புகார முடிச்சோம்னு மாநகராட்சி கணக்கு காட்டுறது ஈஸி, புகார் குடுத்தவரு 'ஆமா சரியாயிருச்சு'ன்னு சொன்னாத்தான் முடிஞ்சதா எடுத்துக்கணும், இல்லாட்டி பரிட்சய எழுதுன ஆளே பேப்பர் திருத்துற கததான். வார்டுக்குள்ள ஏரியா ஏரியாவா ஜனங்க கூடிப் பேசுற ஏரியா சபைக்கு 2022லயே விதி வந்தாச்சு. அந்தக் கூட்டத்துல (டீ மிக்சர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்) கவுன்சிலரும் அதிகாரியும் இருக்கப்பவே வார்டு கணக்க சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, போன கூட்டத்து தீர்மானம் என்னாச்சுங்கறதயும் சேத்து.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை