கடைசி இரண்டு நிமிடத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கும், விதிகளைத் திருத்தும் போட்டிக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025-ன் தொடக்கத்தில் டான் பேட்ரிக்கின் விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சியில் ஆணையர் ஒரு யோசனை சொன்னார். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் ஒவ்வொன்றையும் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைப்பது தனக்குப் பிடித்திருக்கிறது, ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் இன்றைய தொலைக்காட்சிப் பழக்கத்துக்குப் பொருந்தும் என்பது அதன் சாரம். ஆட்டம் நீளுகிறது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் நீங்கள் கத்திரிக்கோலை வைக்கும் இடம்தான் திகைக்க வைக்கிறது. பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் பரிமாறுகிறவரை நாலு தரம் உள்ளே கூப்பிட்டுவிட்டு, நேரமாகிறது என்று சாம்பாரைக் குறைத்த கதை இது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் அணிக்கு ஒரே ஒரு டைம்-அவுட் (அணி கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் இடைவேளை). அதுவும் அறுபது வினாடி.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அணிக்கு ஏழு டைம்-அவுட், ஒவ்வொன்றும் 75 வினாடி. இரண்டு அணிக்கும் சேர்த்துப் பதினான்கு, பதினேழரை நிமிடம். விளம்பரத்துக்காகக் கட்டாயமாக எடுக்கப்படுபவை இதைவிட நீளம் என்பதால் உண்மையான தொகை இன்னும் பெரிது. சர்வதேச ஆட்டங்களை நடத்தும் ஃபிபா விதிப்படி முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். இரு அணிக்கும் சேர்த்துப் பத்தே நிமிடம். வித்தியாசம் ஏழரை நிமிடம். குவார்ட்டரைச் சுருக்கி நீங்கள் எடுத்துக்கொள்ளப் போவது எட்டு நிமிட விளையாட்டு. விளையாட்டு நேரம் குறைந்தால் அதோடு சேர்ந்த விசில், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிவு) எல்லாமும் குறையும் என்பீர்கள், அதுவும் சரிதான். இருந்தாலும், ஆடும் நேரத்தில் கை வைப்பதற்கு முன்னால் நிற்கும் நேரத்தைப் பார்த்திருக்கலாமே?

நிற்கும் நேரமெல்லாம் குவிவது கடைசியில்தான். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் என்ற குறிக்குப் பிறகு அணிக்கு இரண்டு டைம்-அவுட் வரை மிச்சம் இருக்கும். நான்கும் எடுக்கப்பட்டால் ஐந்து நிமிடம் போயிற்று. இதற்கு மேல் கோச்சின் சேலஞ்ச், அதாவது நடுவர் தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கக் கேட்பது: அதைக் கேட்கவே கையில் ஒரு டைம்-அவுட் இருக்க வேண்டும், முதல் சேலஞ்ச் வென்றால் அந்த டைம்-அவுட்டும் திரும்பி வரும், இன்னொரு சேலஞ்சும் கிடைக்கும். அதற்கும் மேல் நடுவர்களே ரீப்ளே மேசைக்குப் போய், நியூஜெர்சியின் சிகாகஸில் இருக்கும் ரீப்ளே மையத்தோடு காதில் கருவி மாட்டிப் பேசும் நேரம். அவர்கள் பேசி முடிக்கும் வரை வீரர்கள் என்ன செய்கிறார்கள்? கோச்சைச் சுற்றி நின்று பலகையில் அடுத்த பிளேயை (ஆட்டத் திட்டத்தை) பார்க்கிறார்கள். பெயர்தான் ரீப்ளே, நடப்பது கணக்கில் ஏறாத இன்னொரு டைம்-அவுட். ஆறு புள்ளி பின்னால் இருக்கும் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்துவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபைனல்ஸ் எனும் இறுதித் தொடரின் ஆட்டம் நியூயார்க் நேரப்படி இரவு எட்டரைக்கு ஆரம்பித்தால் சென்னையில் காலை ஆறு மணி. மூன்றரைக் குவார்ட்டரை நிம்மதியாகப் பார்த்த ஒருவர், எட்டரை மணிக்கு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அப்போது திரையில் 0:38 என்று நிற்கிறது. ஒரு டைம்-அவுட். ஒரு ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ, மறுபடி டைம்-அவுட், கார் விளம்பரம். 0:31. பந்து யார் கையில் பட்டு வெளியே போனது என்று ஒரு சேலஞ்ச். ஏழு வினாடி ஆட்டத்துக்கு இவ்வளவு. மிச்ச முப்பத்தொரு வினாடியை அவர் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு, கைப்பேசியில் வெறும் எண்ணாகப் பார்க்கிறார். இரண்டரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தவருக்குக் கிடைக்காமல் போவது அந்த ஆட்டத்தின் மிக நல்ல பகுதி.

அந்த நல்ல பகுதி எப்படி உண்டாகிறது என்பதற்கு உங்கள் சொந்த ஆவணக் காப்பகமே சாட்சி. 2025 ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 5, ஓக்லஹோமா சிட்டி. முதல் பாதியில் மட்டும் இந்தியானா பேசர்ஸ் 19 முறை பந்தைப் பறிகொடுத்தது. நான்காம் குவார்ட்டரில் பதினைந்து புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசியில் பேசர்ஸ் ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது ஓக்லஹோமா சிட்டி தண்டரின் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் குறி தவறுகிறார். ரீபவுண்ட் (தவறித் திரும்பி வந்த பந்து) பேசர்ஸ் கையில், மிச்சம் சுமார் பதினோரு வினாடி. பேசர்ஸ் கோச் ரிக் கார்லைல் டைம்-அவுட் கேட்கவில்லை. அவருடைய வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக வருகிறார், தண்டரின் கேசன் வாலஸ் எதிரில் நிற்கும்போதே எழும்பி விடுகிறார். 111-110. கடிகாரத்தில் 0.3 வினாடி. அந்த ஆட்டம் முழுவதிலும் பேசர்ஸ் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 வினாடி மட்டும்தான்.

அங்கே டைம்-அவுட் எடுத்திருந்தால் நடந்திருக்கக்கூடியதை எந்தக் கோச்சும் சொல்வார். பேசர்ஸுக்குப் பந்து எதிரணிப் பக்கத்திலிருந்து கிடைத்திருக்கும் (கடைசி நிமிடங்களில் டைம்-அவுட் எடுத்தால் அந்தச் சலுகை உண்டு), கார்லைல் பலகையில் ஒரு பிளே வரைந்திருப்பார். அதே 75 வினாடியில் தண்டர் பெஞ்சிலும் ஒரு பலகை இருக்கிறது. தடுப்பில் தேர்ந்த ஐந்து பேரைப் பொறுக்கி இறக்கலாம். யார் யாரைப் பிடிப்பது, எந்த ஸ்கிரீனில் (வழிமறிப்பில்) ஆள் மாற்றுவது, ஹாலிபர்ட்டனிடமிருந்து பந்தை எப்படிப் பிடுங்குவது என்று பேசி முடித்திருக்கலாம். ரீபவுண்டிலிருந்து நேரே ஓடி வந்தால் தடுப்புக்கு அந்த வசதி இல்லை. முந்தைய பிளேக்காகக் களத்தில் இருந்த அதே ஐவர்தான், அவரவர் ஆளைத் தேடிக்கொண்டு பின்னோக்கி ஓட வேண்டும். அந்தக் குழப்பத்தில்தான் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிகிறார். அதே ஆண்டுப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் மே 6-ஆம் தேதி கிளீவ்லாந்தில் ஹாலிபர்ட்டன் தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவுக்குத் தானே ரீபவுண்ட் எடுத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து, 1.1 வினாடி மிச்சமிருக்க த்ரீ-பாயிண்டர் போட்டாரே (120-119), அதை எந்தப் பலகையில் வரைய முடியும்?

பழையவற்றைப் பாருங்கள். 1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டி: யூட்டாவின் கார்ல் மலோனின் கையிலிருந்து சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் பந்தைத் தட்டிப் பறிக்கிறார். அவருடைய கோச் ஃபில் ஜாக்சன் டைம்-அவுட் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஜோர்டன் தானே கொண்டு போய், பிரையன் ரஸ்ஸலை ஏமாற்றி, 5.2 வினாடி மிச்சத்தில் 87-86. 2013 ஃபைனல்ஸ் கேம் 6: சான் அன்டோனியோவிடம் மியாமி மூன்று புள்ளி பின்னால், லெப்ரான் ஜேம்ஸ் தவறவிட்ட த்ரீ, கிறிஸ் பாஷின் ரீபவுண்ட், கோட்டைக் குனிந்து பார்க்காமலே பின்பக்கமாக மூலைக்கு நடந்து த்ரீ போடும் ரே ஆலன். 95-95. மிச்சம் மறுபடி அதே 5.2 வினாடி! அவர்களுடைய டிம் டங்கன் அப்போது பெஞ்சில் இருந்தார் என்பது சான் அன்டோனியோ ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண். 2019 ஏப்ரல் 23, போர்ட்லாந்து: 115-115 என்று நிற்கையில் ஓக்லஹோமா சிட்டியின் வெஸ்ட்புரூக் வளையத்தருகே விட்ட லே-அப் தவறுகிறது, போர்ட்லாந்து டைம்-அவுட் கேட்கவில்லை, டேமியன் லில்லர்ட் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கரைத்துவிட்டு, பால் ஜார்ஜ் எதிரில் நிற்க 37 அடியிலிருந்து விடுகிறார். ஐம்பது புள்ளி, தொடர் முடிந்தது.

2016 ஃபைனல்ஸ் கேம் 7-ல் இகுவோடாலாவைத் துரத்திப் போய் லெப்ரான் பந்தை வளையத்துப் பலகையில் வைத்துத் தடுத்தது 89-89 என்ற நிலையில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது. அந்த ஓட்டத்துக்கு இடையில் யாராவது கையால் டைம்-அவுட்டுக்கான ‘டி’ காட்டியிருந்தால் அப்படி ஒரு பிளாக்கே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி 1987. மே 26, பாஸ்டன். டெட்ராய்ட் 107-106 முன்னிலை, ஐந்து வினாடி மிச்சம், பந்து டெட்ராய்டுக்கு. கோச் சக் டேலி ஓரத்தில் நின்று டைம்-அவுட் எடு, எடு என்று கையாட்டிக்கொண்டிருக்கிறார். ஐசையா தாமஸ் கவனிக்காமல் சக வீரர் லேம்பியருக்கு எறிகிறார். பாஸ்டனின் லாரி பேர்ட் இடையில் புகுந்து பறிக்கிறார், கோட்டுக்கு வெளியே விழப்போகும் நொடியில் டென்னிஸ் ஜான்சனுக்குப் பாஸ், லே-அப், 108-107. டேலி கேட்டது நடந்திருந்தால் பந்து பத்திரமாக முன்னே போயிருக்கும், டெட்ராய்ட் ஜெயித்திருக்கும். நாற்பது ஆண்டு கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒன்று நடந்திருக்காது.

எதிர்ச் சாட்சிகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. 2004-ல் சான் அன்டோனியோவில் லேக்கர்ஸின் டெரெக் ஃபிஷர் 0.4 வினாடியில் போட்டது டைம்-அவுட் மேல் டைம்-அவுட் எடுத்த பிறகுதான். 2019-ல் டொராண்டோவின் கவாய் லெனர்டு விட்ட பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே போனதும் (92-90) 4.2 வினாடிக்கு முன் எடுத்த டைம்-அவுட்டிலிருந்து பிறந்தது. அதனால்தான் டைம்-அவுட்டே வேண்டாம் என்று கேட்கவில்லை, ஒன்று போதும் என்கிறோம். ஃபிஷருக்கும் கவாய்க்கும் அந்த ஒன்று போதும். 2002-ல் லேக்கர்ஸின் ராபர்ட் ஹாரி சேக்ரமெண்டோவுக்கு எதிராகப் போட்டது வேறு வகை. பிளே சக வீரர் கோபிக்காக, கோபி தவறவிட, ஷாக் தவறவிட, எதிரணியின் டிவாட்ஸ் தட்டிவிட்ட பந்து தானாக ஹாரியிடம் வந்து சேர்ந்தது. வரைந்தது உடைந்த பிறகுதான் சரித்திரம் ஆரம்பித்தது.

ரீப்ளேயும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 26-ல் டென்வரின் யோகிச் விட்ட பந்து வளையத்தைத் தொடாமல் வர, சக வீரர் ஆரன் கார்டன் காற்றிலேயே பிடித்து டங்க் செய்தது நேரத்துக்குள்தானா என்பதைக் கேமரா பார்த்துத்தான் சொல்ல முடியும். பிளேஆஃப் சரித்திரத்தில் கடைசி மணியோடு ஆட்டத்தை வென்ற முதல் டங்க் அது, காத்திருந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் மறுநாளே டெட்ராய்டில் டிம் ஹார்டவே ஜூனியரின் கடைசி த்ரீ மீது நியூயார்க்கின் ஜாஷ் ஹார்ட் மோதியபோது விசில் வரவில்லை. ஊதப்படாத ஃபவுலுக்குச் சேலஞ்ச் கிடையாது. நியூயார்க் 94-93. ஆட்டம் முடிந்த பிறகு தலைமை நடுவர் அது ஃபவுல்தான் என்று ஒப்புக்கொண்டார். மூன்று புள்ளிக்குள் நிற்கும் ஆட்டங்களுக்கு நீங்கள் மறுநாள் நடுவர் தீர்ப்புகளைச் சரிபார்க்கும் ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’ வேறு வெளியிடுகிறீர்கள். நல்ல ஏற்பாடு. தோற்ற அணி அதைச் சட்டம் போட்டு லாக்கர் அறையில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். இத்தனை நிறுத்தியும் நிறுத்த வேண்டிய ஒன்றை நிறுத்தவில்லை என்பதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

சட்டை மார்பில் விளம்பரம், களத்தின் தரையில் விளம்பரம், டிஸ்னி, என்பிசி, அமேசான் மூவருடன் பதினோரு ஆண்டுக்குச் சுமார் 76 பில்லியன் டாலர் ஒப்பந்தம். இவ்வளவுக்குப் பிறகும் 0:38-க்கும் 0:31-க்கும் நடுவில் ஒரு கார் விற்றே ஆக வேண்டுமா? மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

விளம்பர நேரம் உங்களுக்குக் கட்டாயம் என்றால் மூன்று நிமிடக் குறியில் ஏற்கெனவே இருக்கும் கட்டாய டைம்-அவுட்டை நீட்டிக்கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்வோம். அதன் பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில் அணிக்கு ஒன்றே ஒன்று. பந்தை எதிரணிப் பக்கம் முன்னேற்றும் சலுகை அந்த ஒன்றோடு இருக்கட்டும். அதை 1:50-ல் செலவழிப்பதா, நான்கு வினாடிக்கு வைத்திருப்பதா என்பது கோச்சின் சாமர்த்தியம். சேலஞ்ச் கேட்க டைம்-அவுட் வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கலாம்: ஒன்றுதான் கையில் என்றால் யாரும் அற்பத்துக்குக் கேட்க மாட்டார்கள். ரீப்ளே பார்க்கும்போது பத்துப் பேரும் களத்தின் நடுவட்டத்தில் நிற்க வேண்டும், கோச் அருகே போகக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் அதில் ஒளிந்திருக்கும் இலவச டைம்-அவுட்டும் போய்விடும். ஓவர்டைமை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

புது விதியை எங்கே சோதிப்பது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சேலஞ்சை முதலில் உங்கள் இளம் வீரர்களுக்கான ஜி லீகில்தான் ஓட்டிப் பார்த்தீர்கள். ஃபவுலுக்கு எத்தனை புள்ளியானாலும் ஒரே ஃப்ரீ த்ரோ என்பதையும் அங்கேதான் முயன்றீர்கள். 2017-ல் மொத்த டைம்-அவுட்டைப் பதினெட்டிலிருந்து பதினான்காகக் குறைத்ததும் நீங்களேதான். யாரும் குடி முழுகிப் போகவில்லை. இன்னும் ஒரு படி இறங்குவதுதான் மிச்சம்.

ஆகவே, குவார்ட்டரின் பன்னிரண்டு நிமிடத்தைத் தொடுவதற்கு முன்னால், அடுத்த ஜி லீக் பருவத்திலும் ஜூலையில் லாஸ் வேகாஸில் நடக்கும் சம்மர் லீகிலும் இதைச் சோதிக்கும்படிப் போட்டிக் குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: கடைசி இரண்டு நிமிடத்தில் அணிக்கு ஒரு டைம்-அவுட், அறுபது வினாடி. கடைசி இரண்டு நிமிடத்துக்குச் சுவர்க் கடிகாரத்தில் உண்மையில் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் அணிவாரியாக வெளியிட்டால் நன்று. முடிவை உரிமையாளர்கள் அவை முன் வைக்கும்போது, நாங்கள் கேட்டதையும் அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகன்