ஆயிரம் வாட் கிடக்கட்டும், முதலில் கதவைப் பார்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்ததையும், கையோடு நீ புதுக் கார் எடுத்ததையும் படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் கறை ஒன்றுகூட அவர் பார்வைக்குத் தப்புவதில்லை.

புதுக் காரில் பாட்டுக் கேட்க நீ அனுப்பிய கடைக்காரரின் விலைப்பட்டியலைப் பார்த்தேன். ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபையர், அடித்தொனிக்கென்றே 12 அங்குல சப்வூஃபர், பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர். நீ கேட்பதோ கச்சேரியும் பழைய திரைப்பாட்டும். ஊர்வலமா நடத்தப் போகிறாய்?

முதலில் இந்த வாட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கார் ஸ்டீரியோ செட்டின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு, சிதையாத ஒலியாக, 25 வாட்டைத் தாண்டிக் கொடுக்கச் சாதாரண செட்டால் ஆகாது. அட்டையில் உள்ள 50, அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் வரும் எண். அந்த நிலையில் பாட்டுக் கேட்டால் காதும் வலிக்கும், உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர் ட்வீட்டரும் கருகும். ஆகவே தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைச் சொல்லும் ‘ஆர்எம்எஸ்’ எண்ணை மட்டும் பார். இன்னொன்று: வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆயிரம் வாட்டுக்கு மயங்காதே.

பணத்தைப் போடவேண்டிய இடம் முன்கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் எதிரெதிர்; சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் பலியாவது பேஸ், அதாவது அடித்தொனி. உன் காரின் டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்க மூடியை, கழற்றச் சொல்லிப் பார். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். விலை உயர்ந்த ஸ்பீக்கரை அதில் மாட்டினாலும் பாதிச் சத்தம் ஓட்டை வழியே வந்து மீதியைக் கெடுக்கும். வெளித்தகட்டின் உட்புறம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டவேண்டும். ஓரிடம் விடாமல் மூடவேண்டிய தேவையில்லை, நடுப்பகுதி போதும். பிறகு உள்தகட்டு ஓட்டைகளை அடைக்கவேண்டும். ஆனால் கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் யாரும் மூடாதபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள், இல்லையென்றால் துரு பிடிக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் தகட்டை விரல்முட்டியால் தட்டிப் பார். ‘டங்’ என்றது ‘தொப்’ என்றாகியிருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. கடைக்காரர்கள் இதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஒட்டிய ஷீட் வெளியே தெரியாதே!

அடுத்தது நீ உட்காரும் இடம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலி போடலாம், காரில் முடியாது. வலது கதவு உன் முழங்காலுக்கு அருகே, இடது கதவு எங்கோ. வித்தியாசம் 45 செ.மீ. என்று வைத்துக்கொள். ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 செ.மீ. போகும். வலப்பக்க ஒலி ஒன்றேகால் மில்லிநொடிக்கு மேல் முந்தி வந்துவிடுகிறது. இதெல்லாம் ஒரு நேரமா என்பாய். முதலில் வந்த திசையில்தான் ஒலி இருக்கிறதென்று காது முடிவுகட்டிவிடும். பாடுபவர் உன் வலது முழங்காலில் உட்கார்ந்துவிடுவார். ஒலியை எண்களாக்கித் திருத்தும் டிஎஸ்பி உள்ள ஆம்ப் என்றால், அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தலாம். சரியாக அமைந்தால் குரல் டேஷ்போர்டின் மேலே, நடுவில் வந்து நிற்கும்.

இதைச் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேள். இடப்பக்கத் தொப்பியின் ஆழ்ந்த கும்கி கதவின் அடியிலிருந்தும், வலப்பக்க வலந்தலையின் நாதம் கண்ணாடி ஓரத்து ட்வீட்டரிலிருந்தும் வந்தால், வாசிப்பவரை இரண்டாக வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பணம் கொடுக்காதே, கடைக்காரரை மறுபடி உட்கார்ந்து சரிசெய்யச் சொல்.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருந்தாலும் பேஸ் காணாமல் போகும். ஆம்ப் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு கணம் தொட்டுப் பார். இரு பக்கக் கூம்பும் ஒரே திசையில் அசையவேண்டும். அரை நிமிட வேலை.

சப்வூஃபர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடிய காரின் சிறிய இடம் மிகத் தாழ்ந்த சுருதிகளைத் தானே தூக்கிக் கொடுக்கும். இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குலம் உனக்குத் தாராளம். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி கட் வைத்துவிட்டால் அவையும் திணறாது. 12 அங்குலத்தை வைத்தால் முதலில் பாடுவது உன் நம்பர் பிளேட்தான். பின் ஸ்பீக்கர்கள் இப்போது இருப்பதே இருக்கட்டும். ஒலியை முன்பக்கமே தள்ளி வை.

ஒயரிங்கில் பிடிவாதமாக இரு. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் வேண்டும். இதில் சமரசம் கூடாது, தீப்பிடிக்கிற விஷயம். மின்ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம் போகட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி கேட்டால், எர்த்தைச் சரிபார்க்கச் சொல். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்தே இணைக்கட்டும், வாரன்டிக்கு வம்பு வராது.

சுருதிவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் குறைவதை ஏற்றாதே, துருத்துவதைக் குறை. ஓடும் காரில் டயர் இரைச்சல் பேஸை மறைக்கும் என்பதால், நிறுத்திக் கேட்டபின் பைபாஸில் ஒருமுறை ஓட்டியும் கேட்டுவிடு.

ஆக, கடைக்காரரிடம் கதவு வேலை, நல்ல முன்பக்க ஸ்பீக்கர் ஜோடி, டிஎஸ்பியோடு கூடிய நான்கு சானல் ஆம்ப், இவற்றுக்கு மட்டும் புதிய விலை கேள். சப்வூஃபர் கல்யாணச் செலவெல்லாம் அடங்கிய பிறகு. நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம். அளவுநாடா எடுத்து வருகிறேன். பந்தல் வேலைக்கு நடுவே அரை மணி நேரம் காரில் உட்கார உன் வீட்டம்மாவிடம் இப்போதே அனுமதி வாங்கி வை.

அன்புடன்,
ராகவன்