வெல்ஷ் ஹார்ப்பில படகுப் பாய் விரிக்க எங்கட பிள்ளையளும் வரவேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை வாசகர் பக்கத்தில ஒருத்தர், லண்டன் தமிழ்ப் பிள்ளையளுக்கு சனி ஞாயிறு எண்டா டியூஷனும் போனும்தான், வெளியில கூட்டிக்கொண்டு போக ஒரு இடமும் இல்லை எண்டு எழுதியிருந்தார். வாசிச்சதில இருந்து எனக்கு மனசு ஆறேல்ல. வெம்பிளி, கிங்ஸ்பெரியில இருக்கிற எங்கட சனத்துக்கு பஸ்ஸில போற தூரத்தில ஒரு பெரிய குளம் கிடக்கு, அதில பாய் விரிச்சு ஓடுற டிங்கி எண்ட சின்னப் படகுக் கிளப்பும் இருக்கு, கனபேருக்கு அது தெரியாது.

வெல்ஷ் ஹார்ப் எண்டு சொல்லுறது, மேப்பில பிரென்ட் ரிசர்வோயர். ரீஜன்ட்ஸ் கால்வாய்க்குத் தண்ணி காணாதெண்டு 1830களில பிரென்ட் ஆத்தை மறிச்சுக் கட்டினது. எட்ஜ்வெயர் ரோட்டில இருந்த ஒரு தவறணையின்ர பேர் அப்பிடியே குளத்துக்கு ஒட்டிப்போச்சு.

நான் வல்வெட்டித்துறை ஆள். எங்கட ஊரில கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவில குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளந்தனான். அப்பிடிப்பட்ட நானே பதினஞ்சு வருசமா வேலைக்குப் போகேக்க பஸ் ஜன்னலால இந்தக் குளத்தைப் பாத்துக்கொண்டு போனதுதான், ஒருநாளும் இறங்கினதில்லை. அது வெள்ளைக்காரரின்ர, அதுவும் காசுக்காரரின்ர விளையாட்டெண்டு நானே முடிவெடுத்து வச்சிருந்தன். மகளின்ர சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டதால போனம், போய்ப் பாத்தா வேற மாதிரி. ஆரும் சம்பளத்துக்கு இல்லை, எல்லாம் மெம்பர்மார்தான், ஒரு கிழமை சேஃப்டி போட் ஓட்டிறது, ஒரு கிழமை ரேஸுக்கு நேரம் குறிக்கிறது எண்டு முறை போட்டுச் செய்யினம். ரேஸில ஒவ்வொரு வகைப் படகுக்கும் அதின்ர வேகத்துக்கேத்த மாதிரி போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் எண்டு ஒரு நம்பர் இருக்கு, ஓடின நேரத்தை அதால கணக்குப் போட்டுத்தான் ஆர் வெண்டதெண்டு சொல்லுவினம். அதால டொப்பர் எண்ட சின்னப் படகில ஓடுற பிள்ளை, முன்னால போன லேசர் எண்ட பெரிய படகையும் வெல்லலாம். சொந்தப் படகும் தேவையில்லை, கிளப் படகில பழகலாம். நாங்கள் கட்டின வருசச் சந்தா, மகளுக்கு ஒரு டேர்ம் மட்ஸ் டியூஷனுக்குக் கட்டுற காசை விடக் குறைவு.

பயம்தான் எங்கட தாய் தேப்பனுக்குப் பெரிய பிரச்சினை. எனக்கும் இருந்தது. மே மாசம் ஒரு ஞாயிறு, மகளின்ர டொப்பர் சரிஞ்சு பாய் தண்ணியில படுத்திட்டுது, நான் கரையில நிண்டு கத்துறன். சேஃப்டி போட் கிட்ட வந்து எஞ்சினை நியூட்ரலில போட்டிட்டு நிக்குது, ஆனா கை குடுக்கினமில்லை. பிள்ளை லைஃப் ஜாக்கெட்டோட படகைச் சுத்தி நீந்தி, அடியில நீட்டிக்கொண்டிருந்த டாகர்போர்ட் பலகையைப் பிடிச்சு, அதில ஏறி நிண்டு பின்னால சாய்ஞ்சாள். பாய் தண்ணியை வடிச்சு வடிச்சு மெல்ல எழும்பிச்சுது. உள்ள ஏறி இருந்த பிறகுதான் அவை "ஓகேயா" எண்டு கேட்டவை. அண்டைக்கு ராத்திரி வெட் சூட்டைக் காயப்போடேக்க அவளின்ர முகத்தைப் பாத்தனான், ஸ்கூல் ரிப்போர்ட் நல்லா வந்த எந்த நாளிலயும் அந்த முகத்தை நான் காணேல்ல.

இன்னொண்டும் சொல்லவேணும். ஊரில சோழகக் காத்து தொடங்கினா நாள் முழுக்க ஒரே பக்கத்தால அடிக்கும். இங்க கரையில மரமும் வெஸ்ட் ஹெண்டன் மாடிக் கட்டடங்களும் நிக்கிறதால காத்து சுழிச்சுச் சுழிச்சு வருது. தண்ணியில கறுப்பா ஒரு சிலிர்ப்பு ஓடி வரேக்கயே பாய்க் கயித்தை, இங்க ஷீட் எண்டுவினம், இளக்க ரெடியா இருக்கவேணும். போன் பாத்துக்கொண்டு இதைச் செய்யேலாது.

பொம்பிளைப் பிள்ளை, வெயிலில கறுத்துப்போவாள் எண்டு சொல்லுற ஆக்களுக்கு: சென்னைப் பிள்ளை நேத்ரா குமணன் இந்த மாதிரிச் சின்னப் பாய்ப்படகு ஓட்டித்தான் டோக்கியோவுக்கும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கும் போனவ.

மழை பெய்தா ரோட்டில எறிஞ்ச பிளாஸ்டிக் போத்தலும் கடைப் பையளும் ஆத்தோட குளத்துக்கு வருது, முக்குளிப்பான் கூடு கட்டுற இடத்தில அது கிடக்கிறதைப் பாக்க வயிறு எரியுது, அதையும் தயவுசெய்து யோசியுங்கோ.

தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருசா வருசம் கிரிக்கெட், புட்போல் வைக்கினம். அதோட ஒரு நாளை இதுக்கும் ஒதுக்குங்கோ. வசந்த காலத்தில கன கிளப்புகள் ஓப்பன் டே வைக்கிறவை, பிள்ளைக்கு மாத்து உடுப்பும் துவாயும் கொண்டு போனாக் காணும்.

மகள் இப்ப காத்துக்கெல்லாம் தமிழில பேர் கேக்கிறாள், வாடை, கொண்டல், சோழகம், மேற்கால வாறது கச்சான் எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன். போன ஞாயிறு கிளப் கொடியை அண்ணாந்து பாத்திட்டு, "அப்பா, இண்டைக்குக் கச்சான்" எண்டாள். சரியாத்தான் சொன்னவள்.

இப்படிக்கு,
வெம்பிளி வாசகர் ஒருவர்