ஞாயிறு போக்கிமான் நடை: சென்னை ஐஐடி வளாகம்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு கஜேந்திரா சர்க்கிளில், யானைச் சிலைகள் பக்கத்தில் கூடுகிறோம். முதலாமாண்டுக்காரர்கள் அவசியம் வாருங்கள். விடுதி, மெஸ், வகுப்பு என்றே சுற்றுகிறவர்களுக்கு வளாகத்தைப் பார்க்க, நிஜ இடங்களில் நடந்து போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் ‘போக்கிமான் கோ’ கைப்பேசி ஆட்டத்தைவிட நல்ல சாக்கு கிடையாது.

போக்கிஸ்டாப்பை (ஆட்டத்துக்கான பொருள்கள் கிடைக்கும் இடம்) திரையில் சுழற்ற, அந்த இடத்துக்கு 80 மீட்டருக்குள் போக வேண்டும். பேருந்தில் போனால் ஆட்டத்தில் முட்டை பொரிய வேண்டிய கிலோமீட்டர் ஏறாது, சைக்கிளை வேகமாக மிதித்தாலும் அப்படித்தான். அதனால் நடைதான்.

திரையையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள், புள்ளிமான் குறுக்கே வரும். வெளிமான் தென்பட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள், எந்த போக்கிமானும் அதற்கு ஈடில்லை (இதில் விவாதம் வேண்டாம்!). தின்பண்டம் கையில் தெரிந்தால் குரங்குகள் விடாது.

அப்புறம், பவர்பேங்க் மறக்காதீர்கள். வெளியாட்களை அழைத்து வருகிறவர்கள் நுழைவு அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.